கௌசியின் மூன்று பாடங்கள்

மரவேலைக் கூடத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த அறையை ஆசிரியர்கள் 'கிரெடிட் அறை' என்றார்கள். பிள்ளைகள் 'ஆஸ்பத்திரி' என்றார்கள். ஸ்காபரோவின் வடகிழக்கு மூலையில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில், வகுப்புக்கு வராத நாட்கள் ஓர் அளவைத் தாண்டினால் அந்தப் பாடத்துக்கான கிரெடிட் போய்விடும். கிரெடிட்டுகள் குறைந்தால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் தகப்பன் நிற்கிற தொழிற்சாலை வரிசையில் மகனும் போய் நிற்க வேண்டியதுதான். போன கிரெடிட்டைத் திரும்ப எடுத்துக் கொடுப்பது பேர்ணடெற்றின் வேலை.

பேர்ணடெற் குருநகர்க்காரி. ஊரில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவள். கனடாவுக்கு வந்து சில வருடம் டோநட் கடையில் மா பிசைந்தாள். தமிழ்ப் பிள்ளைகள் கூடிக் கூடி வர, தமிழ் பேசத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று பள்ளிக்கூடம் தேடியபோது அகப்பட்டாள். பாட ஆசிரியர்களிடம் போய் எந்தெந்த அலகுகளைத் திரும்பச் செய்தால் கிரெடிட் தருவீர்கள் என்று பேரம் பேசுவாள். பிறகு பிள்ளையை மேசைக்கு முன்னால் இருத்தி, ஒவ்வோர் அலகாகச் செய்விப்பாள். வராத பிள்ளையின் வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பாள். எடுத்தும் வராவிட்டால் பஸ் ஏறிப் போவாள். அப்படிப் போகச் சொல்லி அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அவளிடம் வந்த பெயர்களில் ஒன்று கௌசி இராஜரட்ணம். பதினோராம் வகுப்பு. செப்ரெம்பர் தொடக்கத்தில் கணிதத்தில் முதலாவதாக நின்றவள், அதற்குப் பிறகு ஆளைக் காணவில்லை. கணிதம், இரசாயனம், ஆங்கிலம் மூன்றும் போயின. பேர்ணடெற்றிடம் வருகிறவர்கள் படிப்புப் பிடிக்காதவர்கள், அல்லது இரவில் வேலைக்குப் போய்விட்டுக் காலையில் எழும்ப முடியாதவர்கள். முதலாவதாக நின்ற பிள்ளை காணாமல் போவதை அவள் கண்டதில்லை.

தொலைபேசியை எடுத்தது தாய் மங்கையற்கரசி.

"அவளுக்குக் காய்ச்சல்."

அடுத்த கிழமை எடுத்தபோது, "வயித்துக் குத்து." அதற்கடுத்த கிழமை, "இஞ்ச ஒருத்தரும் இல்லை" என்று தாயே சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நவம்பரில் ஒரு பின்னேரம், மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருக்க, பேர்ணடெற் மல்வேர்னில் இறங்கி அந்த வீட்டைத் தேடிப் போனாள். ஒரே மாதிரி ஒட்டிக் கட்டிய வீடுகளின் வரிசையில் கடைசிக்கு முதல் வீடு. கதவு சங்கிலியளவுக்குத் திறந்தது. தாய் அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்கு மேலால் கார்கள் நிற்கும் இடத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் சங்கிலியை எடுத்தாள்.

பகலிலேயே திரைச்சீலைகள் இழுத்து மூடியிருந்தன. விளக்கு எரிந்தது. இராவெல்லாம் ஏதோ கட்டடத்துக்குக் காவல் நிற்கிற தகப்பன் இராஜரட்ணம் மேல்மாடியில் நித்திரை. மங்கையற்கரசி பிளேன்ரீயும் இரண்டு ரோல்ஸும் கொண்டுவந்து வைத்தாள். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் தோய்க்கிற லோண்டரி ஒன்றில் அவளுக்கு வேலை. சவர்க்காரத் தண்ணீரும் சூடும் பட்டு விரல்கள் வெடித்திருந்தன.

"அவள் வீட்டில இருக்கட்டும் ரீச்சர். படிச்சது காணும்."

"அம்மா, உங்கட பிள்ளை கணக்கில எப்பிடி எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியும். பெத்தனான், எனக்குத் தெரியாதே?"

"பேந்து ஏன் மறிக்கிறியள்? கலியாணம் ஏதும் பேசுறியளோ?"

மங்கையற்கரசி அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அப்பிடியெண்டே வையுங்கோ."

பேர்ணடெற்றுக்குக் கோபம் வந்தது. இந்தமாதிரித் தாய்மாரை அவள் கண்டிருக்கிறாள் என்று நினைத்தாள். என்ன சொன்னால் அவர்களுக்குச் சுடும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"உங்கட கையைப் பாருங்கோ. அவளும் உங்களுக்குப் பக்கத்தில வந்து நிண்டு சீலை மடிக்க வேணுமோ? அதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

மங்கையற்கரசி கைகளை இழுத்து ஸ்வெற்றருக்குள் வைத்துக்கொண்டாள். அவள் பதில் சொல்ல முந்திப் படியில் கௌசி நின்றாள். மெலிந்த, நெடிய பிள்ளை. தலைமயிரை இறுக்கிப் பின்னியிருந்தாள்.

"அம்மா, ஐ வோன்ற் டு கோ. இனி என்னால வீட்டுக்குள்ள இருக்கேலாது."

"வாயை மூடு."

"மிஸ், எல்லாரும் போன பிறகு வரலாமோ? மெயின் டோரால வரமாட்டன்."

"வரலாம். மரவேலை அறைப் பக்கம் ஒரு கதவு இருக்கு. நானே திறந்து விடுறன். ஸ்கூல் விட்ட பிறகு வந்தால் ஆரும் இருக்கமாட்டினம். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்துக்கு வாரும். தை மாசக் கடைசியில சோதினை. அதுக்குள்ள மூண்டையும் எடுத்திடலாம்."

"ஒவ்வொரு நாளும் ஒரே நேரமோ?" என்று தாய் கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்தது சோம்பல் என்றே பேர்ணடெற் எடுத்துக்கொண்டாள்.

"ஒழுங்கு வேணும் அம்மா. ஒழுங்கு இல்லாமல்தானே எல்லாம் போனது."

திரும்பி வருகையில் காலணிக்குள் ஈரம் ஊறியிருந்தது. ஆனாலும் வென்றுவிட்டு வருகிறவளைப் போலத்தான் பஸ்ஸில் இருந்தாள்.

*

பேர்ணடெற்றும் கணவன் இக்னேசியஸும் பதினோராம் மாடியில் குடியிருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. இக்னேசியஸின் கடைசித் தம்பி வின்சன்ற் அவர்களோடு இருந்தான். வேறு இரண்டு தம்பிமாரை இக்னேசியஸ் கடலில் பறிகொடுத்தவன்; உடல்கள்கூடக் கிடைக்கவில்லை. மிஞ்சிய ஒருவனைப் பதினேழு வயதில் காசு கட்டி, நாடு நாடாகக் கடத்தி, கனடாவில் கொண்டுவந்து இறக்கினான். இப்போது அவனுக்கு இருபத்துநாலு.

இக்னேசியஸுக்குப் பின்னேர ஷிப்ற். கார்களுக்கான இரும்புத் துண்டுகளை அழுத்துகிற தொழிற்சாலை. அதனால் பேர்ணடெற் வீட்டில் அதிகம் கண்டதும் கதைத்ததும் வின்சன்றோடுதான். நல்ல பெடியன். கடையிலிருந்து அரிசிச் சாக்கைத் தோளில் கொண்டுவருவான். றால் உடைத்துக் கொடுப்பான். அவளுடைய மீன்குழம்புக்கு மற்றெந்தக் குழம்பும் கிட்ட நிற்காது என்று வாய்விட்டுச் சொல்வான். இடுப்பில் ஒரு பேஜர் வைத்திருந்தான். அது அடித்தால் சாப்பாட்டுக்கு நடுவிலும் எழும்பிப் போவான். அவனை ஏற்ற வருகிற சிநேகிதர்கள் மேலே வருவதில்லை. காருக்குள்ளேயே இருப்பார்கள். அவன் என்ன வேலை செய்கிறான் என்று கேட்டால் 'டெலிவரி' என்பான். இக்னேசியஸ் அதற்கு மேல் கேட்பதில்லை.

"வீட்டுக்குள்ள ஒண்டும் கொண்டு வாறானோ? இல்லைத்தானே. பேந்தென்ன?" என்பான்.

குளிர் தொடங்கியதும் வின்சன்ற் தானாகவே சொன்னான். "அண்ணி, பஸ்ஸுக்கு நிண்டு விறைக்காதேங்கோ. நான் வந்து ஏத்துறன்." கடும்பச்சை நிறத்தில் பழைய கார் ஒன்று வைத்திருந்தான். வேலை முடிந்து பக்கத்துக் கதவால் வெளியே வந்தால் சூடேற்றிய கார் தயாராக நிற்கும். டோநட் கடையில் வாங்கிய கோப்பி கூட இருக்கும். இந்த ஊரில் இவ்வளவு கவனமாக அவளை யாரும் நடத்தியதில்லை.

அந்த ஓகஸ்ற் கடைசியில் ஒரு பிளாசாவின் பின்புறம், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், மில்லிக்கன் பக்கத்துப் பெடியன் ஒருவனை யாரோ தடியால் அடித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். பெயர் ஜனார்த்தன். அன்றிலிருந்து அவன் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தான். தகவல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று பொலிசார் தமிழ்க் கடைக் கண்ணாடிகளில் தமிழிலும் எழுதி ஒட்டினார்கள். கோயிலிலும் மீன்கடையிலும் எல்லோரும் அதைப் பற்றிக் கதைத்தார்கள். யாரும் எதையும் காணவில்லை.

"ஏன் அண்ணி, இப்ப நேரம் செல்லுது?" என்று வின்சன்ற் ஒரு நாள் காரில் கேட்டான்.

"ஒரு பிள்ளை பின்னேரத்தில வருது. மூண்டு கிரெடிட் போயிட்டுது. சரியான மூளை. ஆனா எதுக்கோ பயந்து சாகுது. கதவு அடிச்சாலும் துள்ளுது."

"எங்கத்தைப் பிள்ளை?"

"மல்வேர்ன். கௌசி எண்டு பேர்."

வின்சன்ற் ஹீற்றரின் விசிறியைக் கூட்டினான். கொஞ்சத் தூரம் போனதும் சொன்னான். "பாவம். படிக்கட்டும்."

அடுத்த நாளிலிருந்து கார் முன்வாசல் பக்கம் நிற்பதை விட்டு மரவேலைக் கூடத்துக் கதவுக்கு நேரே நின்றது. அவள் நடக்கிற தூரம் குறையட்டும் என்றுதான் என்று பேர்ணடெற் நினைத்தாள். நன்றியும் சொன்னாள்.

*

கௌசி வேகமாகச் செய்தாள். இருபடிச் சமன்பாடுகளை இரண்டு பின்னேரங்களில் முடித்தாள். இரசாயன ஆசிரியர் விடுபட்ட பரிசோதனைகளுக்குப் பதிலாக எழுத்து வேலை தந்தார், அதையும் முடித்தாள். பேர்ணடெற் அவளுக்கு ஒரு டப்பாவில் புட்டும் மாசிச் சம்பலும் கொண்டுவருவாள். கௌசி எழுதிக்கொண்டே சாப்பிடுவாள். மற்ற நேரமெல்லாம் வாய் திறக்காதவள் சாப்பிடும்போது கொஞ்சம் கதைப்பாள்.

"மிஸ், நீங்கள் சிலோனில ஆமியைக் கண்டு பயந்தனீங்களோ?"

"பயந்தனான். ஆர் பயப்பிடேல்லை?"

"பேந்து எப்பிடி ஸ்கூலுக்குப் போனனீங்கள்?"

"எங்க நிக்கிறாங்கள் எண்டு தெரியும். அந்த வழியால போகாமல் மற்ற வழியால போனம்."

கௌசி தலையாட்டினாள். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

டிசெம்பர் விடுமுறைக்கு முந்திய கிழமை. மற்ற நாட்களில் கௌசி போன பிறகே வருகிற வின்சன்ற் அன்றைக்கு வெள்ளென வந்துவிட்டான். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. கௌசி ஒரு சோதனைத் தாளை எழுதிக்கொண்டிருந்தாள். பென்சில் கூராக்க எழும்பி ஜன்னலடிக்குப் போனவள் அப்படியே நின்றாள்.

"மிஸ், அந்தக் கார் ஆற்றை?"

பேர்ணடெற் எட்டிப் பார்த்தாள். "உதோ? உது என்ர மனுசன்ர தம்பியின்ர. என்னை ஏத்த வந்திருக்கிறான். ஒவ்வொரு நாளும் வாறவன்தான்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம்."

"ஓ," என்றாள் கௌசி. திரும்பி வந்து கதிரையில் இருந்தாள். தாளில் இன்னும் ஒரு வரி எழுதினாள். அது தெளிவான எழுத்தாகவே இருந்தது; பிறகு பேர்ணடெற் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். "வோஷ்றூமுக்குப் போட்டு வாறன் மிஸ்" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். போனவள் வரவில்லை.

பேர்ணடெற் கழிப்பறையைப் பார்த்தாள், நூலகத்தைப் பார்த்தாள். துப்புரவு செய்கிறவர் சொன்னார், ஒரு பெட்டை மற்றப் பக்க வாசலால் ஓடிப் போனது என்று. வெளியே நெற்றி வலிக்கிற குளிர். கௌசியின் ஜக்கெற் கதிரையின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு பேர்ணடெற் காரில் ஏறினாள்.

"ஆற்ற ஜக்கெற் அண்ணி?"

"அந்தப் பிள்ளையின்ர. விட்டிட்டுப் போட்டுது. இந்தக் குளிருக்குள்ள."

"தாங்கோ, நான் கொண்டுபோய்க் குடுக்கிறன். கடைசிக்கு முதல் வீடுதானே?"

பேர்ணடெற் ஜக்கெற்றைத் தரவில்லை. வீடு எதுவென்று அவள் ஒருநாளும் அவனுக்குச் சொன்னதில்லை. கௌசியின் தோளளவு இன்னும் அதில் இருந்தது. மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம். நான் குடுக்கிறன்."

"சரி அண்ணி," என்றான் வின்சன்ற், மிகவும் பணிவாக.

*

அடுத்த நாள் பேர்ணடெற் பள்ளிக்கூடத்திலிருந்து இடையில் வெளிக்கிட்டு மல்வேர்ன் வீட்டுக்குப் போனாள். இம்முறை மங்கையற்கரசி தேநீர் வைக்கவில்லை. கதவடியிலேயே நிறுத்தி வைத்துச் சொன்னாள்.

கோடை விடுமுறையில் கௌசி அந்தப் பிளாசாவில் இருந்த ஒரு சாப்பாட்டுக் கடையில் இடியப்பம் பிழிந்தாள். அன்றைக்கு நல்ல மழை. குப்பை போடப் பின்கதவால் வெளியே போனவள் எல்லாவற்றையும் கண்டாள். இரண்டு பேர் அடித்தார்கள். மூன்றாமவன் காரில் இருந்தான்.

"அவன் கண்ணாடியை இறக்கிப்போட்டுச் சொன்னவனாம், 'தங்கச்சி, உள்ளுக்குப் போம், நனையாதேயும்' எண்டு. அவ்வளவும்தான். வெருட்டேல்லை, ஏசேல்லை. அடுத்த கிழமை தொடங்கி உந்தப் பச்சைக் கார் இஞ்ச முன்னால வந்து நிக்கத் தொடங்கிச்சுது. ஒருத்தரும் இறங்கமாட்டினம். ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம். நிண்டுபோட்டுப் போகும்."

"பொலிசுக்குச் சொல்லேல்லையோ?"

"என்னெண்டு சொல்ல? ரோட்டில கார் நிக்குது எண்டோ?" மங்கையற்கரசியின் குரல் உயரவில்லை. "நான் என்ர பிள்ளையை ஒளிச்சு வைச்சிருந்தனான் ரீச்சர். படிப்புப் போனாலும் பரவாயில்லை, ஆள் மிஞ்சட்டும் எண்டு. நீங்கள் வந்து கையைக் காட்டிக் கதைச்சியள். கதவும் சொல்லி, நேரமும் சொல்லி, கூட்டிக்கொண்டு போய் அவன்ர காருக்கு முன்னால விட்டிருக்கிறியள்."

பேர்ணடெற் கையில் இருந்த ஜக்கெற்றைக் கொடுத்தாள். தாய் வாங்கிக் கதவை மூடினாள். உள்ளே சங்கிலி விழுகிற சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்த பிறகு இக்னேசியஸிடம் சொன்னாள். அவன் குசினியில் பாரைமீன் வெட்டிக்கொண்டிருந்தான். மீன் வெட்டுவதை அவன் யாருக்கும் விடமாட்டான்.

"என்ர தம்பி ஆரிலயும் கை வைக்கமாட்டான்."

"கை வைச்சவன் எண்டு நான் சொல்லேல்லை. காரில இருந்தவன் எண்டுதான் சொல்லுறன்."

"ஊரில பச்சைக் கார் ஒண்டுதானோ?"

"அந்தப் பிள்ளையின்ர வீடு அவனுக்கு என்னெண்டு தெரியும்?"

இக்னேசியஸ் கத்தியைக் கழுவினான். கழுவிய கத்தியைத் திரும்பவும் கழுவினான். "ரெண்டு பேரைக் குடுத்திட்டன்," என்றான். "மூண்டாவது ஆளையும் குடு எண்டு நீ என்னட்டக் கேக்காதை."

*

ஜனவரியில் அந்தப் பெரிய பனி விழுந்தது. நகரமே நின்றுவிட்டது. பனி அள்ள இராணுவம் வந்தது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். வேலைக்குப் போன இக்னேசியஸ் திரும்ப வழியில்லாமல் தொழிற்சாலையிலேயே தங்கிவிட்டான். கீழே கார்களெல்லாம் வெள்ளை மேடுகளாகக் கிடந்தன, எது யாருடையது என்று தெரியவில்லை. பதினோராம் மாடியில் பேர்ணடெற்றும் வின்சன்றும் மட்டும்.

மத்தியானம் வின்சன்ற் உறைபெட்டியில் இருந்த றாலை எடுத்துத் தண்ணீரில் போட்டு, மேசையில் பேப்பர் விரித்து உடைக்கத் தொடங்கினான். பேர்ணடெற் எதிரே இருந்து வெங்காயம் உரித்தாள்.

"வின்சன்ற், பிளாசாவுக்குப் பின்னால காரில இருந்தது நீதானே?"

அவன் விரல்கள் நிற்கவில்லை. ஒரு றாலின் தலையைக் கழற்றி, ஓட்டை உரித்து, நரம்பை இழுத்து எடுத்துக் கோப்பைக்குள் போட்டான்.

"இருந்தனான். இறங்கேல்லை. வெருட்டிப்போட்டு வருவம் எண்டுதான் கூட்டிக்கொண்டு போனவங்கள் அண்ணி. அவன் திருப்பி ஏதோ சொன்னவன். பேந்து நிப்பாட்ட ஏலாமப் போச்சுது."

"பேந்தேன் அந்தப் பிள்ளையின்ர வாசலில போய் நிக்கிறாய்?"

"நான் நிக்காட்டி வேற ஒருத்தன் வந்து நிப்பான். அவளை நான் பாத்துக்கொள்ளுறன் எண்டு அவங்களுக்குச் சொல்லியிருக்கிறன். நான் நிக்கிற வரைக்கும் அவளுக்கு ஒண்டும் நடக்காது."

"நீ அதை நம்புறியோ?"

அவன் இன்னும் இரண்டு மூன்று றால் உடைத்தான். பிறகு சொன்னான். "ஜனார்த்தன் முந்தநாள் செத்துப்போனான். இனிக் கதை வேற. நான் பாத்துக்கொள்ளுறன் எண்டால் அவங்களுக்குக் காணாது. அவள் எந்தக் கதவால வாறவள், எப்ப போறவள் எண்டு கேக்கிறாங்கள்."

"நீ சொன்னியோ?"

"இன்னும் சொல்லேல்லை."

வெளியே காற்று கண்ணாடியில் பனியை அள்ளி அடித்தது. பேர்ணடெற் வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"பொலிசுக்குப் போவம். நான் உன்னோட வாறன்."

"போனால் மறியலுக்குள்ள போடுவாங்கள். மறியல் முடியக் கொழும்புக்கு ஏத்துவாங்கள். என்னட்டச் சிற்றிசன் இல்லை அண்ணி. அங்க பிளேனால இறங்கினால் என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும்." அவன் எழும்பிக் கோப்பையைக் குழாயடிக்குக் கொண்டுபோனான். முதுகு காட்டி நின்று கழுவினான். "இதுக்கு எவ்வளவு தூள் போட?"

அவள் சமைத்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். நல்லாயிருக்கு என்று அவன் வழமைபோலச் சொன்னான்.

*

பனி அகற்றிப் பள்ளிக்கூடம் திறந்ததும் பேர்ணடெற் துணை அதிபரிடம் போனாள். இந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வந்து சோதினை எழுத முடியாது, வேறிடத்தில் நான் முன்னால் இருந்து எழுதுவிக்கிறேன் என்றாள். ஏன் என்று அவர் கேட்டார். இப்போதைக்குக் கேட்காதீர்கள் என்றாள். அவர் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு ஒப்பமிட்டுக் கொடுத்தார்.

அந்த நாட்களிலும் பின்னேரம் வின்சன்ற் ஏற்ற வந்தான். அவளும் ஏறினாள். ஏறாவிட்டால் அவன் ஏனென்று யோசிப்பான். அறையில் வேறு பிள்ளைகளை இருத்தி, விளக்கை எரியவிட்டு, வழமையான நேரத்துக்கு வெளியே வந்தாள். கோப்பியை வாங்கிக் குடித்தாள்.

"அவள் இப்ப வாறேல்லையோ?" என்று அவன் கேட்டான்.

"காய்ச்சலாம்," என்றாள். தாய் சொன்ன அதே சொல்.

சோதினை முடிந்த கையோடு குடும்பமாக ஊரை விட்டுப் போய்விடுவோம் என்று சொல்லித்தான் மங்கையற்கரசி சம்மதித்தாள். தாய் வேலை செய்த லோண்டரியின் சாப்பாட்டு அறையில் இருந்து கௌசி சோதினை எழுதினாள். சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரங்கள் நாள் முழுக்க உருண்டன. நீராவி மணமும் சவர்க்கார மணமும் மூச்சுக்குள் ஏறின. விரிப்பு மடிக்கிற பிலிப்பைன்ஸ் பெண்களும் தமிழ்ப் பெண்களும் சாப்பிட வந்து, மூலை மேசையில் ஒரு பிள்ளை எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டு, சாப்பாட்டுப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றபடி சாப்பிட்டார்கள். ஒருத்தியும் ஒன்றும் கேட்கவில்லை. மங்கையற்கரசி இடைக்கிடை கதவடிக்கு வந்து, உள்ளே பார்த்துவிட்டுப் போனாள். முதல் நாள் ஆங்கிலமும் இரசாயனமும். மறுநாள் கணிதம்.

கணிதத் தாளை நீட்டும்போது கௌசி, "மிஸ், லாஸ்ற் குவெஸ்ரியன் ஈஸி," என்றாள். முதல்முறையாகச் சிரித்தாள்.

"எப்ப போறியள்?" என்று பேர்ணடெற் கேட்டாள்.

"இண்டைக்கு. அப்பா பஸ்ஸுக்கு ரிக்கெற் எடுத்திட்டார். வினிபெக்கில மாமி இருக்கிறா." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். "மிஸ், ஜனார்த்தன்ர அம்மாவுக்கு ஆர் செய்தது எண்டு தெரியுமோ?"

"தெரியாது."

"நான் சொல்லியிருக்க வேணும்."

"நீர் பரீட்சை எழுதியாச்சு. இனி நான் பாக்கிறன்," என்றாள் பேர்ணடெற்.

அன்று பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்து, தாளை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு, வின்சன்றின் காருக்காகக் காத்திருந்தாள். பஸ் புறப்பட்டிருக்கும் என்று நிச்சயமான பிறகுதான் வெளியே வந்தாள். கார் வீதியில் ஏறியதும் சொன்னாள்.

"வீட்டுக்குப் போக வேண்டாம். பொலிஸ் ஸ்ரேசனுக்கு விடு."

வின்சன்ற் சிவப்பு விளக்கில் நின்றான். பச்சை விழுந்தும் எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள்.

"இறங்குங்கோ அண்ணி."

"இறங்கினால் நடந்து போவன். எப்பிடியும் போவன். நீ என்னட்டச் சொன்னதைத்தான் நான் சொல்லப் போறன். வேற ஆற்ற பேரும் என்ர வாயால வராது. நீயும் கூட வந்தால் நீயாச் சொன்னதா இருக்கும்."

"அண்ணனுக்கு என்ன சொல்லப் போறியள்?"

"தெரியேல்லை."

அவன் காரை எடுத்தான். நேரே ஓட்டிப் போய், பொலிஸ் நிலைய வாசலில் நிறுத்தினான். அவள் இறங்கினாள். அவன் இறங்கவில்லை. அவள் உள்ளே போய், ஒரு தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, தனக்குத் தெரிந்ததைத் தன் ஆங்கிலத்தில் சொன்னாள். வேறு யாரும் கண்டார்களா என்று கேட்டார்கள். தெரியாது என்றாள். ஆள் இப்போது எங்கே என்று கேட்டார்கள். ஓடியிருப்பான் என்று நினைத்துத்தான் வெளியே கை காட்டினாள்.

கார் அதே இடத்தில் நின்றது. வின்சன்ற் இரண்டு கைகளையும் ஸ்ரியரிங்கில் வைத்தபடி உள்ளே இருந்தான்.

*

வின்சன்ற் அடுத்த நாளே எல்லாவற்றையும் சொன்னான். அடித்தவர்களில் ஒருவனைப் பிடித்தார்கள். மற்றவன் அகப்படவில்லை. அமெரிக்காவுக்குப் போய்விட்டான் என்று சிலர் சொன்னார்கள், மில்லிக்கனிலேயே இருக்கிறான் என்றும் சொன்னார்கள். வினிபெக்கில் புதிய பள்ளிக்கூடம் கௌசியின் மூன்று கிரெடிட்டுகளையும் ஏற்றுக்கொண்டது. ஜனார்த்தனின் தாயைப் பேர்ணடெற் தேவாலயத்துக்குப் பக்கத்துக் கடையில் ஒருமுறை கண்டாள். அந்த மனுசி கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கிட்டப் போகப் பேர்ணடெற்றுக்குத் துணிவு வரவில்லை.

இக்னேசியஸ் அவளோடு கதைப்பதை விட்டான். அவள் சமைத்ததைத் தொடுவதில்லை. பாணும் ரின் மீனும் வாங்கிவந்து நின்றபடி சாப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் போகாமல் சிறைக்குப் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வந்தான். என்ன கதைத்தார்கள் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மீனை அவளே வெட்டப் பழகிக்கொண்டாள்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை தொலைபேசி அடித்தது. இக்னேசியஸ் எடுத்தான்.

"ரீச்சர் நிக்கிறாவோ?" இளங்குரல். மரியாதையான குரல். கொஞ்சம் தள்ளி நின்ற பேர்ணடெற்றுக்கும் கேட்டது.

"ஆர் கதைக்கிறது?"

"அவவிட்டப் படிக்க வேணும். திங்கட்கிழமை வருவாவோ எண்டு கேக்கத்தான்."

"உம்மட பேரென்ன?"

 அந்தப் பக்கத்தில் தொலைபேசியை வைத்துவிட்டார்கள்.

இக்னேசியஸ் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். இரண்டு மாதமாக அவளோடு கதைக்காதிருந்தவன் அவளைப் பார்த்துக் கேட்டான். "உன்னட்டப் படிக்கிற பெடியளுக்கு வீட்டு நம்பர் குடுத்தனியோ?"

"ஒருத்தருக்கும் குடுக்கேல்லை."

அவன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

திங்கட்கிழமை காலை அவள் வேலைக்கு வெளிக்கிட்டபோது இக்னேசியஸ் உடுத்திக்கொண்டு கதவடியில் நின்றான். சனிக்கிழமையே தொழிற்சாலைக்குப் போய் இரவு ஷிப்றுக்கு மாறிவிட்டு வந்திருந்தான்.

"நீங்கள் எங்க?"

"எனக்கு உன்னோட கதைக்க ஒண்டும் இல்லை," என்றான் இக்னேசியஸ். "என்ர தம்பியை நீ உள்ளுக்கு விட்டனி, அது சாகும் வரைக்கும் என்ர மனசை விட்டுப் போகாது. ஆனா நீ தனியப் போகேலாது."

இருவரும் லிஃப்ற்றில் இறங்கினார்கள். வீதியோரத்தில் பனி கருத்துக் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. பஸ் தரிப்பில் அவளைக் கண்ணாடிக் கூட்டுக்குள் இருத்திவிட்டு, இக்னேசியஸ் வெளியே வீதியைப் பார்த்தபடி நின்றான். வேகம் குறைத்து வந்த ஒவ்வொரு காரின் உள்ளேயும் குனிந்து பார்த்தான்.